கூவத்தின் தலையில் போட்ட பழி

சென்னையில் ஒரு தெருவில் நாலு பேருக்கு டெங்கு வந்துவிட்டால் போதும், சாக்கடையைத் தூர் வாரவில்லை, புகை அடிக்க ஆள் வரவில்லை என்று தெருவே மாநகராட்சியைத் திட்டித் தீர்க்கும். கொஞ்சம் தள்ளிக் கூவம் ஓடினால் பழி போட இன்னும் வசதி. கொசு எங்கிருந்தோ பறந்து வருகிறதாம், ஒரு பாவமும் அறியாத நம் வீடு அதற்கு இரையாகிறதாம். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் நம்புகிற இந்தக் கதை, டெங்குவைப் பொறுத்தவரை பொய்.

கூவத்திலும் சாக்கடையிலும் பெருகுவது க்யூலெக்ஸ். இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். அதற்காக மாநகராட்சியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி வேறு. காலில் வெள்ளை வளையங்கள் உள்ள, பகலில் கடிக்கிற கொசு அது. இரண்டின் வம்சமும் பிரிந்து பல கோடி ஆண்டுகளாகின்றன.

ஏடிஸின் பூர்வீகம் ஆப்பிரிக்கக் காடு. மரப்பொந்துத் தண்ணீரில் முட்டையிட்டு, விலங்குகளைக் கடித்துப் பிழைத்த இனம். அதில் ஒரு கிளை மனிதர்கள் சேமித்து வைத்த தண்ணீருக்குக் குடிபெயர்ந்தது. அடிமைகளை ஏற்றிய கப்பல்களில் அமெரிக்கா போய், பிறகு ஆசியாவுக்கும் வந்தது. கென்யாவின் ரபாய் பகுதியில் இரண்டு கிளைகளும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தன: ஒன்று காட்டில், மற்றது வீட்டு மண்பானையில். அங்கு பிடித்த கொசுக்களை வைத்து நடந்து, 2014இல் வெளியான ஆய்வு, வீட்டுக் கிளை மனித வாடையைத் தேடி வருவதற்கும் மோப்பத்துக்கான ஒரு மரபணு மாறியதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நம்மிடம் வந்து சேர்ந்தது அந்த வீட்டுக் கிளைதான்.

சரி, வீட்டுக் கொசுவாகவே இருக்கட்டும், நாலு தெரு தள்ளிப் பிறந்து நம் வீட்டுக்குப் பறந்து வராதா என்று கேட்கலாம். 2019இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வு அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. கோலாலம்பூரை அடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சேகரித்த 162 ஏடிஸ் கொசுக்களின் மரபணுவை ஒப்பிட்டு, எவை உடன்பிறப்புகள், எவை ஒன்றுவிட்ட உறவுகள் என்று ஆய்வாளர்கள் பிரித்தார்கள். உடன்பிறப்புகள் எவ்வளவு தள்ளித் தள்ளிக் கிடைத்தன என்று பார்த்தால் தாய் எங்கெங்கே முட்டையிட்டாள் என்பது தெரிந்துவிடும். ஒரு தலைமுறைக்கு அவை கடந்த தூரத்தின் இடைநிலை சுமார் 75 மீட்டர் என்று கணக்கு வந்தது. நம் ஊர்த் தெருவில் அது சில வீடுகள்தான். காலையில் உங்கள் கணுக்காலைக் கடித்ததும் மாலையில் பிள்ளையைக் கடித்ததும் அக்கா தங்கைகளாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிறந்த இடம் பெரும்பாலும் உங்கள் வீடு, இல்லையென்றால் அக்கம்பக்கத்து மொட்டைமாடி.

“எங்கள் வீடு சுத்தம்” என்று உடனே ஒரு குரல் எழும். ஏடிஸுக்கு வேண்டியதும் சுத்தமான தண்ணீர்தான். ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டை எப்போதாவது இழுத்துப் பார்த்ததுண்டா? மணிப்ளாண்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை எல்லாமே அதற்குப் பிரசவ அறைகள். தாய்க்கொசு ஒரு ஈட்டு முட்டையை ஒரே இடத்தில் இடாமல் பல பாத்திரங்களில் பிரித்து வைக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளிகளாக அவை இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போய்விடாது. காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி நீர் தொட்டதும் பொரியும்.

புகை இந்த முட்டையை ஒன்றும் செய்யாது. பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். ஏடிஸோ அந்நேரம் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும், நாமும் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருப்போம். ஆனாலும் புகை வண்டி ஓயவில்லை. அது சத்தம் போடும், படத்தில் நன்றாக விழும். வீட்டுக்காரருக்குக் குற்றமின்மை, கவுன்சிலருக்கு விளம்பரம். கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளரை மட்டும் கேட்டிலேயே நிறுத்தி, “எங்க வீட்ல கொசு இல்லீங்க” என்று திருப்பி அனுப்புகிறோம்.

டிரம்மில் புழு கண்டு அபராதம் போடும் அதிகாரிகளிடமும் எனக்கு வழக்கு உண்டு. குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் எந்தப் பெண் டிரம்மையும் அண்டாவையும் நிரப்பி வைப்பாள்? கவுன்சிலரிடம் மனு கொடுப்பவர்கள் புகை வண்டியை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரைக் கேட்கட்டும். அது வரும்வரை டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும், வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்ப்பதும் நம் வேலை.