கைராசி என்று ஒன்று கிடையாது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் உறவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எந்த வீடு என்று யாரும் போன் போட்டுக் கேட்க வேண்டாம். அந்த வீட்டு மருமகள் மொட்டைமாடியில் 12 பைகளில் தக்காளி வைத்திருக்கிறாள். செடிகள் இடுப்பு உயரம், இலையெல்லாம் கரும்பச்சை. ஆனால் பூ குறைவு. காய்த்த கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "அவ கைராசி அப்படி. அவ வச்சது எதுதான் காய்ச்சுது?"

அது தக்காளியைப் பற்றி மட்டும் சொன்ன பேச்சு இல்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் கையிலிருந்த குவளையை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். 34 வருஷம் வகுப்பில் பேசின நான், பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த உறுத்தல்தான் இந்தப் பதிவு.

அன்று ராத்திரியே அவளுக்குப் போன் செய்தேன். என்னம்மா ஊற்றுகிறாய், என்ன போடுகிறாய் என்று கேட்டேன். "காலைல ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை அத்தை. நடுவுல 4 நாள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டோம். வந்ததும் பாவமா இருந்துச்சு, பக்கெட் பக்கெட்டா ஊத்தினேன்" என்றாள். உரம்? வாரா வாரம் முட்டை ஓட்டுத் தூள். வீடியோவில் பார்த்து எப்சம் உப்பு. வயலுக்கு வாங்கினதில் பைக்கு ஒரு ஸ்பூன் யூரியா.

இதில் ராசி எங்கே வந்தது? எல்லாம் கணக்குதான்.

காயின் அடி கறுப்பது தொற்றுநோய் இல்லை. அந்த இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்தச் சத்து தண்ணீரோடுதான் வேரிலிருந்து ஏறும். தண்ணீர் அதிகம் ஓடுவது இலைக்கு, காய்க்குக் கொஞ்சம்தான். வேர் ஒரு நாள் காய்ந்து மறுநாள் மூழ்கினால் முதலில் பட்டினி கிடப்பது காயின் அடி நுனிதான். தினமும் ஊற்றும் ஒரு குவளை மேல்மண்ணை மட்டும் நனைக்கும். தென்னை நார்க் கழிவு கலந்த மண் ஒரு தரம் நன்றாகக் காய்ந்துவிட்டால், ஊற்றுகிற தண்ணீர் பையின் ஓரமாக வழிந்து போய்விடும். மேலே ஈரம், உள்ளே வறட்சி.

முட்டை ஓடு மட்கிச் சத்தாக மாற மாதக்கணக்கு ஆகும். இந்தக் காய்க்கு அது உதவாது. நம் ஊர் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. குறை சரக்கில் இல்லை, அதைக் கொண்டுசேர்க்கும் தண்ணீரில். எப்சம் உப்பு மெக்னீசியம். அது கூடினால் வேர் சுண்ணாம்பை எடுப்பது குறையும். யூரியா இலையை வளர்க்கும், பூவைக் குறைக்கும், காய்க்குப் போக வேண்டியதை இலைக்குத் திருப்பும். அந்தக் கரும்பச்சை செழிப்பில்லை, அஜீரணம்.

"டீச்சர், எங்க அம்மா கை பட்டா எல்லாம் காய்க்குமே" என்று சிலர் எழுதுவீர்கள். உங்கள் அம்மா தினமும் செடி பக்கத்தில் நிற்கிறார், மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார், தொட்டதை வைத்து ஊற்றுகிறார். அதற்குப் பெயர் பழக்கம். அதை ராசி என்று சொன்னால் அவர் உழைப்பையும் சேர்த்துத்தான் மறைக்கிறீர்கள்.

நான் மட்டும் யோக்கியம் இல்லை. பள்ளித் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய வரிசை மட்டும் வாடிக்கொண்டே இருந்தது. "உன் கை பட்டா ஒண்ணும் விளங்காது" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, வரிசையை வேறு பையனுக்குக் கொடுத்தேன். அவன் வைத்ததும் வாடியது. அப்புறம்தான் பார்த்தேன், அடிபம்பில் வழிகிற தண்ணீர் அந்த வரிசையில்தான் தேங்கியது. வேருக்கு மூச்சு முட்டினால் ஈரத்தில் நின்றாலும் செடி வாடும். முதல் பையனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள். தப்பு உன் கையில் இல்லை, என் கண்ணில்.

இனி செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆள்காட்டி விரலை 2 அங்குலம் மண்ணில் விடுங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் கசியும் வரை நிதானமாக ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் காய்த்த செடி தினமும் கேட்கும், மழைக்காலத்தில் 3 நாள்கூடத் தாங்கும். நாளைப் பார்க்காமல் விரலைக் கேளுங்கள். உச்சி வெயிலில் இலை துவண்டால் பதற வேண்டாம், சாயங்காலம் நிமிர்கிறதா பாருங்கள். மண்மேல் காய்ந்த சருகைப் பரப்புங்கள். நடும்போது நல்ல தொழுவுரம், பூ வந்தபின் 15 நாளுக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். அதற்கு மேல் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். கறுத்த காயைக் கிள்ளி எறியுங்கள். அடுத்து வருவது நன்றாக வரும்.

அந்த மருமகளுக்கு: பையைக் காலி பண்ணாதே அம்மா. யூரியாவை மட்டும் நிறுத்து. வரும் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், சேர்ந்தே மண்ணைத் தொட்டுப் பார்க்கலாம்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரருக்கு: கோபித்துக்கொண்டாலும் சரி. அன்று மாடியில் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று சொல்கிறேன். அந்த வார்த்தையை இனி அந்த வீட்டில் எதற்கும் சொல்லாதீர்கள்.

உங்கள் டீச்சர்.
பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம்.