சளிக்கு ஆன்டிபயாடிக் சிரப்... தடுப்பூசியின் பலனையும் குறைக்குமா?

குழந்தைக்கு ரெண்டு நாளா சளி, காய்ச்சல். மெடிக்கல் ஷாப்புக்குப் போய், ‘போன தடவை டாக்டர் எழுதிக்கொடுத்த அதே சிரப்பைக் கொடுங்க’ என்று கேட்பவரா நீங்கள்? அப்போ, இந்த ரெண்டு ஆய்வுகளையும் தெரிஞ்சுக்கோங்க.

2022-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, 560 குழந்தைகளைக் கவனித்தது. இரண்டு வயதுக்குள் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டவர்களுக்கு, பல தடுப்பூசிகளால் உருவாகும் எதிர்ப்பொருள்களின் அளவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 191 குழந்தைகள். பிறந்தவுடனே ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு, நிமோகாக்கல் தடுப்பூசிக்கான எதிர்ப்பொருள்கள் ஏழாவது மாதத்தில் குறைந்திருந்தன.

சிரப்புக்கும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம்? குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள்தான், எது எதிரி, எது நண்பன் என்று குழந்தையின் எதிர்ப்புச் செல்களைப் பழக்குகின்றன. முதல் இரண்டு, மூன்று வருடங்களில்தான் இந்தக் கூட்டம் நிலைபெறும். ஆன்டிபயாடிக், கெட்டதோடு சேர்த்து நல்லதையும் அழித்துவிடும். ஆஸ்திரேலிய ஆய்வில், பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல வகை குறைவாக இருந்தது.

இதைப் படிச்சுட்டு ‘ஆன்டிபயாடிக்கே வேணாம்’னு முடிவெடுத்துடாதீங்க. பாக்டீரியாவால் வரும் நிமோனியா, ரத்தத்தில் பரவும் தொற்று போன்றவற்றுக்கு அதுதான் உயிர்காக்கும் மருந்து. டாக்டர் கொடுத்தால், சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். எதிர்ப்பொருள் குறைகிறது என்பதற்காக, தடுப்பூசியையும் தள்ளிப்போடக் கூடாது.

பிரச்னை, தேவையில்லாமல் கொடுப்பதில்தான். சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். அதன்மேல் ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. பலன் பூஜ்யம், இழப்பு மட்டும் நிஜம். மருந்துச்சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது சட்டப்படி தவறு. அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு அதற்கான எச்சரிக்கைதான். 2024-ல் கேரள அரசு ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் மருந்துக்கடைகளில் சோதனையே நடத்தியது. ஆனா, கேட்கிற நாமும் மாறணும் இல்லையா?

அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்க: ‘இது வைரஸா, பாக்டீரியாவா? ரெண்டு நாள் பார்த்துட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாமா?’

மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டுபோனாலோ, மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.