கண் வெளுத்தால் போதாது!

சேலம், நாமக்கல் பக்கம் கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிப்பார்கள். கண் வெளுத்ததும் 'நோய் போச்சு' என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

'பி' வகைக் காமாலைக் கிருமி அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆசாமி அல்ல! ரத்தத்தின் வழியே பரவுவது. பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. பெரியவர்களுக்குத் தொற்றினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெரும்பாலும் விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினாலோ, 100 குழந்தைகளில் 90 பேருக்கு ஈரலிலேயே தங்கிவிடும். பிற்காலத்தில் ஈரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம்.

கீழாநெல்லிக்குப் பலன் இருப்பதாக 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். பிறகு வெளிநாடுகளில் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை.

இப்போது விஞ்ஞானிகள் கிருமியின் ஜீனையே வாயடைக்கப் பார்க்கிறார்கள். வெள்ளிப் பட்டறைக்குப் போகும் ஆர்டர் சீட்டை வழியிலேயே கிழித்துப் போடுகிற மாதிரி! சீட்டு போகாவிட்டால் கிருமியின் சரக்கு உற்பத்தி குறையும். அசந்து கிடக்கும் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும் என்பது கணக்கு. இந்த வித்தையைக் கண்டுபிடித்த இரண்டு அமெரிக்கர்களுக்கு 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல சேதிதான். ஆனால் அதற்காகக் காத்திருப்பானேன்? குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 2018-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பிரசவம் எங்கே நடந்தாலும் சரி, 'ஊசி போட்டாச்சா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். போட்டார்களா என்று கணக்குக் கேட்பது அதிகாரிகளின் கடமை!