எடையைக் குறைக்கலாம், எதைக் குறைப்பது?

பந்தயக் காரின் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதில் இளைஞர்களுக்கு ஆர்வம் மிகுதி. ஆர்வம் நல்லதே. ஆனால் பந்தயத் திடலுக்கு உரிய வேலையைச் சாலையில் ஓடும் வண்டியிலும் செய்து பார்ப்போர் பெருகி வருகின்றனர். பின்புறம் பார்க்கும் கண்ணாடி, சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டு, சேலை சிக்காமல் தடுக்கும் கம்பிவலை ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, ‘வண்டி இலேசாகிவிட்டது, இனிப் பறக்கும்’ என்கிறார்கள். இது சரிதானா என்று இயற்பியலைக் கொண்டே ஆராய்வோம்.

விசை என்பது நிறை, முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். 1,000 கிலோகிராம் நிறையுள்ள காரிலிருந்து 100 கிலோகிராமைக் குறைத்தால், அதே விசைக்கு முடுக்கம் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடும். இயக்க ஆற்றல் குறைவதால் பிரேக்குகள் சூடேறுவதும் குறையும். வளைவுகளில் டயர்கள் தாங்க வேண்டிய சுமையும் குறையும். ஆகவேதான் பந்தயக் கார் அமைப்போர் ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்க்கின்றனர்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1988ஆம் ஆண்டில் ‘ஃபார்முலா மாருதி’ என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். அதில் இருந்தது மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின்தான். குடும்பக் காருக்கென அமைந்த அதன் திறன் 40 குதிரைத்திறனைக்கூட எட்டாது. கூரை, கதவுகள், பின் இருக்கை எதுவும் இல்லாத ஒற்றை இருக்கைக் காரில் அதைப் பொருத்தியதும், அச்சிறிய எஞ்சினே பந்தயத்திற்குப் போதுமானதாயிற்று. வெளிநாட்டுக் கார் வாங்க வசதியற்ற பல இளைஞர்கள் இதில் பந்தயம் பழகினர். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எடைக் குறைப்பின் சிறப்பு இது. ஆனால் பந்தயக் காரில் கழற்றாமல் விடுபவை எவை என்பதையும் கவனிக்க வேண்டும். ஓட்டுநரின் தலைக்குப் பின்னுள்ள உறுதியான வளைவு, உடலைப் பிணைக்கும் பட்டைகள், தீயணைக்கும் கருவி ஆகியவை எடை உள்ளவைதாம். எனினும் அவற்றில் எவரும் கை வைப்பதில்லை. 2018இல் ஃபார்முலா 1 கார்களில் ஓட்டுநரின் தலையைச் சுற்றி டைட்டானிய வளையம் ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 7 கிலோகிராம். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமன் குரோஜானின் கார் இரும்புத் தடுப்பைத் துளைத்து இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. அவர் உயிர் பிழைத்தார். இவ்வளையம் வேண்டாம் என்று முன்னர் கூறியிருந்த அவரே, தம்மைக் காத்தது அதுதான் என்றார். கிராம் கிராமாகக் குறைப்பவர்களே 7 கிலோகிராமைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

எங்கள் சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். தறியைப் பார்த்தாலே இவ்வுண்மை புலப்படும். ஊடை நூலைச் சுமந்து செல்லும் நாடா நிமிடத்திற்கு நூறு தடவைக்கு மேல் ஓடி ஓடி நிற்கிறது. ஆகவே அது ஒரு கையால் எடுக்கக்கூடிய அளவே இருக்கிறது. அதைச் சுமக்கும் தறியின் சட்டமோ கனமான வார்ப்பிரும்பால் ஆனது. சட்டத்தையும் இலேசாக்கினால் தறி அதிர்ந்து ஆட்டங்காணும். எடை குறைவதே நன்மை என்பதில்லை. எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி.

இனிச் சாலைக்கு வருவோம். 140 கிலோகிராம் மோட்டார் சைக்கிளில் 60 கிலோகிராம் இளைஞர் ஒருவர் அமர்ந்தால் மொத்தம் 200. கண்ணாடி, கம்பிவலை முதலியவற்றைக் கழற்றி 2 கிலோகிராம் குறைத்தால் முடுக்கம் கூடுவது 1 விழுக்காடே. உச்ச வேகமோ கூடியதாகவே தெரியாது. சமதளச் சாலையில் அதற்குப் பெரும் தடை காற்று. காற்றுத் தடையோ வண்டியின் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது, நிறையை அன்று. பிரேக்கை முழு அளவில் பிடிக்கும்போது உராய்வு விசையும் நிறைக்கேற்பக் குறைவதால், வண்டி நிற்கும் தூரமும் மாறுவதில்லை. ஆக, 1 விழுக்காட்டிற்காக நாம் கொடுக்கும் விலை, பின்னால் வரும் லாரியைக் காணும் வாய்ப்பும், பின்னால் அமரும் தாயின் பாதுகாப்பும் ஆகும். ஒன்றரைக் கிலோகிராம் தலைக்கவசத்தை வீட்டில் விட்டுச் செல்வதும் இத்தகைய கணக்கே. இது எடைக் குறைப்பு அன்று, காப்புக் குறைப்பு.

‘இயந்திர ஆர்வத்தை முடக்குகிறீர்களே’ என்று சிலர் கேட்கலாம். முடக்க வேண்டியதில்லை, முறைப்படுத்தினால் போதும். எடை குறைக்கச் சிறந்த இடம் சக்கரத்தின் விளிம்பு. அது முன்னே செல்வதோடு சுழலவும் செய்வதால், அங்கே குறைக்கும் 1 கிலோகிராம் உடற்பகுதியில் குறைக்கும் 2 கிலோகிராமுக்குச் சமம். எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள அலுமினியத்தைக் கொண்டு அதே வலிமையைப் பெறுவது எப்படி என்பது அருமையான ஆய்வு. பொறியியல் மாணவர்கள் தாமே அமைத்த கார்களோடு கலந்துகொள்ளும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டி செட்டிப்பாளையத் திடலில் நடைபெற்றிருக்கிறது. அங்கே பாதுகாப்புச் சோதனையில் தேறிய காரே திடலில் இறங்க முடியும். சாலை வண்டியிலோ, பதிவுச் சான்றில் உள்ள அமைப்பைத் தம் விருப்பப்படி மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது.

ஆகவே மாணவர்களே, ஓர் உறுப்பைக் கழற்ற ஸ்பானரை எடுக்குமுன் தாளையும் பென்சிலையும் எடுங்கள். இதன் நிறை எவ்வளவு, கழற்றினால் முடுக்கம் எத்தனை விழுக்காடு கூடும், இது யாரைக் காக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயர் விடையாக வந்தால், அவ்வுறுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.