நல்ல அயல் எது? காணி தேடுவோரை நோக்கி ஒரு கேள்வி

யாழ்ப்பாணப் பட்டினத்திலும் அதன் சுற்றாடலிலும் வீடு வாங்க விரும்புவோர் இன்று முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றே: “எந்தப் பகுதி நல்லது?” கொழும்பிலிருந்து வைத்தியர் கேட்கிறார். வவுனியாவிலிருந்து பொறியியலாளர் கேட்கிறார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் முப்பது ஆண்டு உழைத்து, கடைசிக் காலத்தை ஊரிற் கழிக்க நினைப்பவரும் அதனையே கேட்கிறார்.

விடை சொல்லத் தரகர்கள் ஆயத்தமாயிருக்கிறார்கள். நல்லூர் என்றால் கோயிலைச் சொல்லி ஒரு விலை. சுண்டிக்குளி என்றால் பழைய கல்லூரிகளைக் காட்டி ஒரு விலை. திருநெல்வேலி என்றால் பல்கலைக்கழகம். கொக்குவில், கோண்டாவில் என்றால் 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த புகையிரதம். குருநகரையும் பாசையூரையும் நாவாந்துறையையும் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. நாமாகக் கேட்டால், “அது உங்களுக்குச் சரிவராது, ஐயா” என்ற ஒரு வசனத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

சரிவராது என்பதன் பொருள் யாது? தண்ணீர் உப்பு என்பதா? வீதி ஒடுக்கம் என்பதா? மழைக்கு வெள்ளம் நிற்கும் என்பதா? அவை காரணமாயின் அவற்றை வெளிப்படையாகச் சொல்லலாமே! சொல்லார். ஏனெனில் “நல்ல அயல்” என்று நம்மவர் சொல்லும்போது அவர்கள் அளப்பது மண்ணையுமன்று, நீரையுமன்று. வேலிக்கு அப்பால் இருப்பவரின் சாதியை. வாங்குபவர் எந்த ஆட்கள் என்று விற்பவர் விசாரிக்கிறார். அயலில் எந்த ஆட்கள் என்று வாங்குபவர் விசாரிக்கிறார். இரு பக்கத்து விசாரணைக்கும் தரகர் கூலி பெறுகிறார். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் கடையிலும் பாடசாலையிலும் பொதுக் கிணற்றிலும் ஒருவனைச் சாதி சொல்லித் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. காணி விற்க மறுப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்ளேதான் நமது காணிச் சந்தை சுகமாக வாழ்கிறது. உரிமை கேட்டு மேடையேறும் ஓர் இனம், தன் சொந்த ஒழுங்கையில் யார் குடியிருக்கலாம் என்பதை இப்படித் தீர்மானிக்குமாயின், அந்த மேடைப்பேச்சை யார் நம்புவர்?

இந்தத் தவறான அளவுகோலின் விளைவு மானக்கேட்டோடு மட்டும் முடியவில்லை. அது நமது தோட்டங்களைத் தின்கிறது. நமது குடிநீரைக் கெடுக்கிறது. எல்லோரும் ஒரே சில ஊர்களை நோக்கி ஓடுவதால், அவ்வூர்களில் வீட்டுக்கு இடம் எங்கிருந்து வருகிறது? செம்பாட்டுத் தோட்டக் காணியிலிருந்து வருகிறது.

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஆகிய ஊர்களின் செம்பாட்டு மண்ணை இயற்கை மட்டும் ஆக்கவில்லை. ஆட்டுப்பட்டி அடைத்தும், குழை தாழ்த்தும், சாணமிட்டும், துலா மிதித்து இறைத்தும் தலைமுறை தலைமுறையாக உழவர் ஆக்கிய மண் அது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் அந்த மண்ணிலிருந்தே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பின. இன்று காணி தேடும் வைத்தியர்களிலும் சட்டத்தரணிகளிலும் பலர் அந்த வெங்காயப் பணத்தில் படித்தவர்களின் பிள்ளைகளே. என் தொழிலைச் சேர்ந்தவர்களையும் நான் விட்டுவிடவில்லை. தோட்டத்தைத் துண்டாக்கும் உறுதிகளை எழுதுபவர்கள் நாங்கள்தாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 16 பரப்பு ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு 10 பேர்ச். எட்டுப் பரப்புத் தோட்டம் ஒன்றை, அஃதாவது அரை ஏக்கரை, ஒருவர் துண்டாக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதைக்கு ஒரு பரப்பு போக, மிச்சம் ஏழு பரப்பு. நான்கு துண்டு போட்டால் துண்டொன்று பதினேழரைப் பேர்ச். ஏறக்குறைய அறுபது அடிக்கு எண்பது அடி. அதன் ஒரு மூலையிற் கிணறும் நேர் எதிர் மூலையில் மலகூடக் குழியும் வைத்தாலும், இரண்டுக்கும் இடை நூறு அடிதான். அதுவும் தன் வீட்டுக் குழிக்கு மட்டும். மதிலுக்கு மறுபுறம் அயலவரின் குழி உமது கிணற்றிலிருந்து எத்தனை அடி? அதை உறுதியும் சொல்லாது, தரகரும் சொல்லார். நேற்று ஒரு கிணறு இருந்த அரை ஏக்கரில் இன்று நான்கு கிணறும் நான்கு குழியும்!

கீழே இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் குகையும் நிறைந்த கல். மழைநீர் அதனுள் விரைந்து இறங்குவது போலவே கழிவும் விரைந்து இறங்கும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. நிலத்தடியில் மிதக்கும் அந்த நன்னீரே நமக்கு எல்லாம். உழவரும் இதிற் பங்காளிகள் என்பதை மறைக்கக் கூடாது. அளவின்றி இட்ட இரசாயன உரத்தின் நைத்திரேற்று நமது கிணறுகளில் ஏற்கனவே இறங்கியிருக்கிறது. அதன்மேற் குழிகளும் சேர்ந்தால் பாற்குடிக் குழந்தைக்கு எந்தத் தண்ணீரில் மாக்கரைப்பது? சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகளின் கதையை நாடறியும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டும்படி கட்டளையிட்டது. தீர்ப்பு வந்தது, ஆயினும் ஒரு கிணறு கெட்டால் அதைத் திருப்பித் தருவது எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.

இன்னொன்றையும் நினைவூட்டவேண்டும். உவர் நீரோடு வாழ்ந்த யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் குடிநீர் கொடுத்தவை எவை? கோண்டாவிலிலும் திருநெல்வேலியிலும் உள்ள கிணறுகள். எந்த ஊர்களின் தண்ணீரைப் பட்டினம் குடித்ததோ, அதே ஊர்களின் தலையில் இன்று தன் மலகூடங்களைக் கட்டுகிறது!

“வேறெங்கே போவது?” என்று கேட்பீர்கள். பட்டினத்துக்குள்ளேயே போகலாம். வண்ணார்பண்ணையிலும் கொட்டடியிலும் கொழும்புத்துறையிலும் சுண்டிக்குளியின் பின் ஒழுங்கைகளிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் பற்றை மூடிய வளவுகளையும் காணாதவர் யார்? அங்கே வீதியுண்டு, மின்சாரமுண்டு, பாடசாலையும் ஆஸ்பத்திரியும் நடைதூரத்திலுண்டு. உவர் நீர் என்ற குறைக்கும் ஒரு பரிகாரம் பிறந்திருக்கிறது; மருதங்கேணி, தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. குழாய் எல்லா ஒழுங்கைக்கும் வந்துவிட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் குழாய் முதலில் எங்கே போகவேண்டும் என்று கேட்டு வாங்கும் பலம் குடியிருப்போருக்கு உண்டு, பற்றைக்கு இல்லை.

அப்படியிருந்தும் இவ்வளவுகளை ஏன் வாங்குவாரில்லை? சாதிக் கணக்கு ஒரு காரணம். மற்றது உறுதிச் சிக்கல். இதிற் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஏனெனிற் சிக்கலுக்கு அஞ்சியே பலர் செம்பாட்டு நிலத்துக்கு ஓடுகிறார்கள்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் போனவர்கள் பல நாட்டில் இருக்கிறார்கள். ஒரு வளவுக்கு ஏழு உரித்தாளர், அவருள் மூவர் கனடாவில், ஒருவர் இறந்து பிள்ளைகள் பிரான்சில். அவர் பேரால் அற்றோணித் தத்துவம் வைத்திருப்பதாக ஒருவர் விற்க வருகிறார். முதலிற் கேட்கவேண்டியது: தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்த அன்றே தத்துவமும் முடிந்தது. அதன்பின் எழுதிய உறுதியால் உமக்கு ஓர் அங்குலமும் சேராது. வாய்ப்பேச்சை நம்பி முற்பணம் கொடுப்பவர் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எண்ணிப் பார்க்க. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன், இரு சாட்சிகளோடு நிறைவேற வேண்டும். உறுதி முடித்துப் பெட்டியில் வைத்துப் பதிவைத் தள்ளிப்போடுவோர், அதே காணியைப் பின்னர் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரிடம் தோற்கக்கூடும். பதிவில் முந்தியவருக்கே சட்டம் முதலிடம் கொடுக்கிறது. தேசவழமைக்குட்பட்ட ஆதனமாயின் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டுரித்தாளருக்கும் உரிமை வாரிசுகளுக்கும் முன்வாங்கும் உரிமையுண்டு. அறிவித்தல் கொடாமல் நடந்த விற்பனை பின்னர் வழக்காகும். தோட்டத்தைப் பயிரிடும் பங்காளிகளே, இந்தச் சட்டத்தை உங்களுக்கும் நினைவூட்டுகிறேன். மற்றப் பங்காளி வெளியாளுக்கு விற்கப் புறப்படும்போது, அக்காணியை நீங்களே கேட்டு வாங்கச் சட்டம் இடந்தருகிறது. எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

இவை யாவும் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். சில மாதம் செல்லும், கூலி செல்லும், காணிப் பதிவகத்தில் முப்பது நாற்பது ஆண்டு ஏடுகளைப் புரட்டவேண்டிவரும், அவ்வளவே.

தீர்க்க இயலாததும் ஒன்றுண்டு. அதை மட்டும் எவரும் பேசுவதில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் நாள் சோனகதெருவின் முஸ்லிம் மக்கள், ஒரு சில மணி நேர அவகாசத்தில், கையில் எடுத்ததோடு வெளியேற்றப்பட்டார்கள். அந்த வளவுகளிற் பல பின்னர் கைமாறின. ஓரிடத்திற்குப் பத்தாண்டு ஆட்சியிருந்தால் உரித்துப் பிறக்கும் என்ற விதியை நம்பி இருந்தவர்களும் உளர். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அக்கணக்கிற் சேர்க்காது, ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் வர இயலாதிருந்தோர் வழக்கிட இரண்டாண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் 2018 இல் முடிந்தது. புத்தளத்துக் குடிசையில் இருந்தவருக்கு அச்சட்டம் வந்த செய்தியாவது போய்ச் சேர்ந்ததா? வலிகாமம் வடக்கில் 1990 இல் இராணுவம் கொண்ட காணியை, இன்னும் முழுதும் விடவில்லையே என்று நாம் முறையிடுகிறோம், முறையிடத்தான் வேண்டும். அதே வாயால், சோனகதெருவில் மலிவாக வந்த வளவை “நல்ல பேரம்” என்று மெச்சுவது எப்படி? வாங்க நினைப்பவர் முன்னைய உரித்தாளரைத் தேடிக் கண்டு, அவர் என்ன விலைக்கு, எந்த நிலையில் கையெழுத்திட்டார் என்று கேட்டபின் வாங்கட்டும்.

உழவருக்கு ஒரு சொல். நீங்கள் விற்பதன் காரணத்தை நான் அறிவேன்: மகளின் சீதனம், மகனின் வெளிநாட்டுப் பயணக் கடன், வெங்காய அறுவடைக் காலத்திலே இறக்குமதி வந்து விழுத்தும் விலை. விற்கவேண்டி வந்தால் துண்டு போட்டு விற்பதற்கு முன் முழுத் தோட்டமாக வாங்க அயலில் ஆளுண்டா என்று கேளுங்கள். கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் உறுதியில் எழுதுவதோடு நில்லாது வரைபடத்திலும் போடச் சொல்லுங்கள். புதிதாக வந்தவர் வாய்க்காலை மறித்து மதிலெழுப்பினால் உங்கள் எஞ்சிய நிலத்துக்கு நீர் போகாது. அவ்வுரிமை நிலத்தோடு செல்வது. மதிலெழுப்பியவர் எவ்வளவு பெரியவராயினும் அதை மறிக்க முடியாது.

சபைகளுக்கு ஒரு கோரிக்கை. 2023 மார்ச்சிற் காலம் முடிந்த உள்ளூராட்சி மன்றங்கள் 2025 மே 6 ஆம் நாள் தேர்தலால் மீண்டும் பிறந்தன. இடைக்காலத்தில் அதிகாரிகள் ஒப்பமிட்டார்கள், நாங்கள் என்ன செய்வோம் என்ற சாட்டு இனி இல்லை. நல்லூர்ப் பிரதேச சபையும் அதை அடுத்த சபைகளும் செம்பாட்டுத் தோட்டக் காணியைத் துண்டாக்கும் ஒவ்வொரு வரைபடத்தையும் பகிரங்கக் கூட்டத்தில் வைத்து, அயற்கிணறுகளும் குழிகளும் குறிக்கப்படாத வரைபடத்தைத் திருப்பியனுப்ப வேண்டும். மாநகர சபை, பூட்டிக் கிடக்கும் வளவுகளுக்கு ஓர் இடாப்பு ஆக்கி, உரித்தாளருக்கு எழுதி, விற்கவோ வாடகைக்கு விடவோ சம்மதிப்பவரின் பெயரை வெளியிட வேண்டும். 2008 இல் நிஷாப் புயலிலும் 2024 நவம்பர் மழையிலும் எந்த ஒழுங்கைகளில் வெள்ளம் நின்றது என்ற விபரத்தையும் அவ்விடாப்போடு சேர்க்கட்டும்; குளத்தை நிரவி விற்ற துண்டை வாங்குபவர் அதைத் தெரிந்து வாங்கட்டும்.

உங்கள் வட்டார உறுப்பினரிடம் இக்கிழமையே கேளுங்கள்: சென்ற ஆண்டில் எத்தனை தோட்டக் காணி வரைபடங்களுக்கு ஒப்பமிட்டீர், அவற்றுள் எத்தனையிற் கிணறு குறிக்கப்பட்டிருந்தது? எழுத்தில் விடை வாங்குங்கள். விடை தர மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். அதற்கு வழக்கறிஞரும் வேண்டியதில்லை.