பணம் கேட்காத மோசடி

இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24 அன்று வெளியிட்ட எச்சரிக்கை, ஒரு பதவியைப் பெயர் சொல்லியே சுட்டியது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்’ வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் வழியாகவும், துபாயிலும் இந்தியாவிலும் இயங்கிய முகவர்கள் வழியாகவும் அழைக்கப்பட்ட இளைஞர்கள், பெரும்பாலும் மியான்மருக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். மோசடி வளாகம் எனப்படும் இத்தகைய காவலிட்ட கட்டடத் தொகுதிகளில், முகமறியாத வெளிநாட்டவரோடு இணையத்தில் பழகி அவர்களைப் போலி முதலீடுகளில் பணம் போடவைப்பது போன்ற இணைய மோசடிப் பணிகளுக்கு, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது.

விற்பனை வேலை இந்த வலைக்கு ஏற்ற முகமூடியாக அமைந்தது தற்செயல் அன்று. முன் அனுபவம் கேட்காமை, ஓரிரு நாளில் முடிந்துவிடும் ஆள்தேர்வு, இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகை, எந்தப் பட்டம் பெற்றவரையும் சேர்த்துக்கொள்ளும் தாராளம் ஆகியவை நேர்மையான விற்பனைப் பணிகளிலும் காணப்படுபவையே. எனவே மென்பொருள் பணிக்கான அழைப்பில் உடனே ஐயத்தைக் கிளப்பக்கூடிய அதே அம்சங்கள் இங்கே இயல்பாகவே தோன்றுகின்றன.

கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்களும் ஆள்தேர்வாளர்களும் ஆண்டாண்டாக மாணவர்களுக்குச் சொல்லிவரும் ஒற்றை அறிவுரை, வேலை தருபவர் பணம் கேட்டால் அது மோசடி என்பதாகும். பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை, சீருடைக்கான முன்பணம் என்று நடக்கும் உள்நாட்டு ஏமாற்றுகளுக்கு அது இன்றும் பொருந்தும். ஆனால் லாவோஸின் தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இதே பதவிப் பெயரில் நடக்கும் ஆள்சேர்ப்பைப் பற்றி அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் விடுத்த எச்சரிக்கை வேறொரு நடைமுறையை விவரிக்கிறது: எளிய நேர்காணலும் தட்டச்சுத் தேர்வும் நடத்தப்படுகின்றன, உயர்ந்த சம்பளம் பேசப்படுகிறது, ஓட்டல் அறையும் போகவர விமானச் சீட்டும் விசா ஏற்பாடும் முகவராலேயே செய்துதரப்படுகின்றன. பணம் கேட்கிறார்களா என்று மட்டுமே பார்க்கப் பழகிய பட்டதாரிக்கு, தனக்காகச் செலவு செய்யும் நிறுவனம் நம்பத்தக்கதாகவே படும். அறிவுரையே இங்கே தூண்டிலுக்குத் துணைபோகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

சட்டத்தின் பாதுகாப்பிலும் ஓர் இடைவெளி உண்டு. தாய்லாந்து உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் மைய அரசு அலுவலரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி, பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கே பொருந்துகிறது. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் அளிக்கப்பட்ட இவ்விலக்கு, ஆங்கிலமும் கணினியும் அறிந்த பட்டதாரியையே குறிவைக்கும் கும்பலுக்கு வசதியாகிவிட்டது.

எனவே சோதனை, விண்ணப்பதாரரின் பக்கத்திலிருந்து வேலை தருபவரின் பக்கத்துக்கு மாற வேண்டியுள்ளது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள்சேர்க்கும் தொழிலை நடத்தக் கூடாது. சான்று பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்க முடியாது. முகவரின் பதிவை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம். பிறருடைய பதிவு எண்ணைக் காட்டி ஏமாற்றுவதும் நடக்கக்கூடியதாகையால், தளத்தில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் அழைத்தவருடையவைதாமா என்று ஒப்பிடுவது எண்ணைத் தேடுவதைவிட முக்கியமானது. விசாவைப் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையானது: தாய்லாந்திலோ லாவோஸிலோ இறங்கியதும் வழங்கப்படும் விசா, வேலை செய்ய அனுமதிப்பதன்று; எனவே சுற்றுலா விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம் என்ற பேச்சு எழுந்த இடத்திலேயே விசாரணை முடிந்துவிடலாம். எந்தப் பொருளை, யாருக்கு, எந்த நாட்டுச் சந்தையில் விற்க வேண்டும் என்ற கேள்விக்குத் தெளிவான விடை வராத விற்பனை வேலையும் அத்தகையதே.

இத்தகைய வளாகங்களில் சிக்கியிருந்த 500க்கும் மேற்பட்ட இந்தியர்கள், 2025 மார்ச் மாதத்தில் தாய்லாந்தின் எல்லை நகரான மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டுவரப்பட்டனர். இவ்வாறு திரும்புவோர் மறுபடியும் வேலை தேடி விண்ணப்பிக்கும்போது, அவர்களுடைய தன்விவரக் குறிப்பில் விளக்கமற்ற பல மாத இடைவெளி இருக்கும். அதன் காரணத்தைச் சொன்னால் மோசடிக்காரராகக் கருதப்படுவர், சொல்லாவிட்டால் எதையோ மறைப்பவராகக் கருதப்படுவர். அந்த இடைவெளியைப் பற்றி நேர்காணலில் எவ்வாறு கேட்பது என்பதற்கு ஆள்தேர்வுத் துறையில் இதுவரை நிலைபெற்ற வழக்கம் ஏதுமில்லை.