முதல் நாளைச் சும்மா விடுங்க!

ஒரு வழியா நாங்களும் ஃபாரின் போயிட்டு வந்துட்டோம்! 2024 டிசம்பர்ல பசங்களுக்கு அரையாண்டு லீவு விட்டதும் சிங்கப்பூர். நான், தங்கமணி, பையன், பொண்ணு, எழுபத்தி ரெண்டு வயசுல முதல் தடவையா பாஸ்போர்ட் எடுத்த எங்க அம்மா. நாலு ராத்திரி, அஞ்சு பகல். டிக்கெட், ஹோட்டல், பஸ், கைடு, நம்ம ஊர்ச் சாப்பாடு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தொகை. முப்பத்தி ரெண்டு பேர் கூட்டம். ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி வேற இலவசம். (அதைப் போட்டுக்கிட்டு எடுத்த படங்களை யாருக்கும் காட்டறதா இல்லை.)

என்னென்ன பார்த்தோம்னு வரிசையா எழுதப் போறதில்லை, பயப்படாதீங்க :-) எல்லாரும் பார்த்து எழுதித் தீர்த்த இடங்கள்தான். நான் சொல்ல வந்தது முதல் நாளைப் பத்தி மட்டும். என் கட்சி இதுதான். வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு டூர் போறீங்களா? முதல் நாள்ல ஒரு நிகழ்ச்சியும் வெச்சுக்காதீங்க. காசு வீணாப் போனாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு தீர்மானமாச் சொல்றேன்னா, கொஞ்சம் கணக்குப் பாருங்க.

சென்னையில ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு விமானம். எட்டரைக்கே வந்துடுங்கன்னு சொல்லிட்டாங்க. அதனால வீட்டை விட்டுக் கிளம்பினது ஏழு மணிக்கு. அம்மா அன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எழுந்தவங்க. புளியோதரை கிளறி, பொடி இடிச்சு, பெட்டியை மூணு தடவை பிரிச்சுக் கட்டின களைப்பு வேற. பறக்கிறது நாலு மணி நேரம் சொச்சம்தான். அதுல சாப்பாட்டு வண்டி வர ஒரு மணி நேரம், வெளிச்சத்தை அணைக்க அரை மணி நேரம். கண்ணு சொக்கும்போது 'பெல்ட் போடுங்க'ன்னுடறாங்க. இறங்கினப்போ அங்கே காலை ஆறரை, நம்ம ஊர்ல விடிகாலை நாலு.

வெளியில இன்னும் இருட்டு. "ஆறரை ஆச்சுங்கறே, விடியவே இல்லையே"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி! சிங்கப்பூர் இருக்கிற இடத்துக்கு, சூரியன் கணக்குப்படி அங்கே கடிகாரம் இன்னும் ஒரு மணி நேரம் பின்னாடி இருக்கணும். 1982 ஜனவரி 1 அன்னைக்கு மேற்கு மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி சபா, சரவாக்கோட ஒண்ணாக்கிக்கிச்சு. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கிச்சு. அதனால வருஷம் பூரா ஏழு மணி சுமாருக்குத்தான் அங்கே சூரியன் எட்டிப் பார்க்கும். அதுக்கு முன்னாடியே நாங்க மஞ்சள் தொப்பியோட வரிசையில நின்னாச்சு!

கைடு நம்ம தமிழ்க்காரர்தான், சிங்கப்பூர்லயே பிறந்து வளர்ந்தவர். தங்கமான மனுஷன். அம்மாவைப் பார்த்ததும் "வாங்கம்மா"ன்னு பையை வாங்கிக்கிட்டார். அவர்கிட்ட அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"தம்பி, ரூமுக்குப் போய் ஒரு குளியல் போட்டுட்டு வந்துடலாமா?"

"ரூமு மூணு மணிக்குத்தான்மா குடுப்பாங்க. அதுக்குள்ள ஊரைச் சுத்திப் பார்த்துடலாம்."

அதாவது காலை எட்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் ராத்தூக்கம் இல்லாத முப்பத்தி ரெண்டு பேரைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேணும். அதுக்குப் பேர்தான் 'முதல் நாள் நகர் உலா'. அச்சடிச்ச தாள்ல பார்க்கிறப்போ என்ன அழகா இருந்துச்சுங்கறீங்க! 'வந்து இறங்கியவுடன் உற்சாகமான நகர் உலா'. உற்சாகம் யாருக்குன்னுதான் போடலை.

முதல்ல காலைச் சாப்பாடு. அப்புறம் மெர்லயன், அதான் சிங்கத் தலை, மீன் உடம்பு, வாயிலேர்ந்து தண்ணி. 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. 1972-ல திறந்து வெச்சது. 2002-ல இப்ப இருக்கிற இடத்துக்கு நகர்த்தினாங்களாம். கைடு சொல்லிக்கிட்டே வர்றார், மழை தூறிக்கிட்டே இருக்கு. நான் விடாம படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா எல்லாப் படத்துலயும் அம்மா கண்ணை மூடிக்கிட்டு இருக்காங்க. பொண்ணு என் தோள்ல தூங்கறா. பையன் மட்டும் அந்தச் சிங்கம் மாதிரியே வாயைப் பிளந்து கொட்டாவி விடறான்.

இதெல்லாம் கூடச் சிரிச்சுட்டுப் போயிடலாம். அடுத்ததுதான் விஷயம்.

பதினொண்ணேகாலுக்கு சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். 1827-ல நாராயண பிள்ளை ஆரம்பிச்சது. ராஃபிள்ஸோட 1819-ல பினாங்குலேர்ந்து வந்தவர் அவர். சிங்கப்பூர்ல இருக்கிற இந்துக் கோயில்கள்லயே இதுதான் பழசு. மத்தவங்களுக்கு இது பட்டியல்ல ஒரு இடம். எங்க அம்மா ஊரை விட்டுக் கிளம்பினதே இதுக்காகத்தான்.

அம்மாவோட அப்பா 1950கள்ல நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூர் போனவர். அவர் அனுப்பின பணத்துலதான் அம்மா படிச்சாங்க, கல்யாணமும் நடந்துச்சு. "கரை இறங்கினதும் தலைக்குக் குளிச்சுட்டு, மாரியம்மனைக் கும்பிட்டுட்டுத்தான் வேலை தேடப் போனேன்"னு தாத்தா சொன்னதை அம்மா எங்ககிட்ட நூறு தடவையாவது சொல்லியிருப்பாங்க. அந்தக் கோயிலை ஒரு தரம் பார்க்கணும்னு ஆசை.

பஸ் நின்னுது. "அரை மணி நேரம்தான், சீக்கிரம் வந்துடுங்க, மதியம் நடை சாத்திடுவாங்க"ன்னார் கைடு. எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போறாங்க. அம்மா மட்டும் வாசல்லயே நிக்கிறாங்க. காலு ரெண்டும் வீங்கி இருக்கு.

"வாம்மா."

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் குளிக்கலை. நேத்து உடுத்தின புடவை. இதோட எப்படி உள்ளே வர்றது?"

"சாமி ஒண்ணும் சொல்லாது, வாம்மா. இதுக்குத்தானே வந்தே?"

"அதுக்குத்தான்டா சொல்றேன்."

அப்பப் புரியலைங்க எனக்கு. தூக்கம் இல்லாத எரிச்சல், அரை மணி நேரம் ஓடுதேங்கிற பதற்றம், கட்டின காசு எல்லாம் சேர்ந்து, "இதுக்குத்தான் உன்னை எங்கேயும் கூட்டிட்டு வர்றதில்லை"ன்னு கத்திட்டேன். நடு ரோட்டுல, கூட வந்த ஜனங்க முன்னாடி. அம்மா பதில் பேசலை. ரோட்டோரமா நின்னு கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அப்புறம் போய் பஸ்ல உட்கார்ந்துட்டாங்க. மதியம் சரியாச் சாப்பிடவும் இல்லை.

மூணு மணிக்கு ரூம் சாவி கிடைச்சுது. அம்மா குளிச்சாங்க, படுத்தாங்க, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினாங்க. சாயங்காலம் ஆத்துல படகு சவாரி, அதுவும் கட்டின காசுல சேர்த்தி. தங்கமணிதான் சொன்னாங்க. "படகுக்குப் பசங்களை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. மறுபடி ஏதாவது கத்தினீங்க, பார்த்துக்கங்க!"

எங்க ஹோட்டல் லிட்டில் இந்தியா பக்கம். அங்கேர்ந்து சைனாடவுனுக்கு ரயில்ல மூணே ஸ்டேஷன். பேரெல்லாம் தமிழ்லயும் எழுதியிருக்கு. அம்மா ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டாத குறையா வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே வந்தாங்க. ஈரத் தலையை முடிஞ்சு, பெட்டி அடியில வெச்சிருந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. நடை திறந்திருந்தது. தாத்தா பேரைச் சொல்லி அர்ச்சனை பண்ணினாங்க. உயிரோட இல்லாதவங்க பேருக்கு அர்ச்சனை கிடையாதேன்னு நான் வாயைத் திறக்கலை. பிரகாரத்துல முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். கொடியை ஆட்டி யாரும் கூப்பிடலை.

அந்த முழு நாள்லயும் எங்களுக்கு நினைவு இருக்கிறது அந்த முக்கால் மணி நேரம்தான். டூர்த் தாள்ல அது இல்லவே இல்லை.

இனி நியாயம் பேசுவோம். டூர்க்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போயிடலாம்னுதான் நானும் இருந்தேன். மறுநாள் கைடுகிட்டக் கேட்டேன், முதல் நாளைச் சும்மா விட்டா என்னன்னு. சிரிச்சார். "சும்மா விட்டா ஊருக்குப் போய் ஒரு நாளை ஏமாத்திட்டாங்கன்னு எழுதிடுவாங்கண்ணே"ன்னார். யோசிச்சா உண்மைதான். ரெண்டு கம்பெனித் தாளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எதுல இடங்கள் ஜாஸ்தின்னு எண்ணிப் பார்த்துத்தான் நானும் பணம் கட்டினேன். எண்ணிக்கையைப் பார்த்து வாங்கறவனுக்கு அவங்க எண்ணிக்கையைத்தானே விப்பாங்க?

'நமக்குக் கிடைக்கிறதே அஞ்சு நாள் லீவு, அதுல ஒரு நாளைத் தூங்கிக் கழிக்கிறதா?'ன்னு கேப்பீங்க. எங்க கூட்டத்துலயே புதுசாக் கல்யாணமான ஒரு ஜோடி முதல் நாள் பூரா துள்ளிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இருபத்தஞ்சு வயசுல ராத்தூக்கம் ஒரு பொருட்டே இல்லை, ஒத்துக்கறேன். ஆனா குடும்பத்தோட போறப்போ வேகம் யாரோட கணக்குங்க? எல்லாரையும் விட மெதுவா நடக்கிறவங்க கணக்குத்தானே?

அதனால, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன் சொல்றேன். பணம் கட்டறதுக்கு முன்னாடி 'இறங்கினதுலேர்ந்து ரூம் சாவி கைக்கு வர்ற வரைக்கும் எங்கே இருப்போம்?'னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா மூணு வழி இருக்கு. பகல்ல கிளம்பி சாயங்காலம் போய் இறங்கற விமானம் கேட்டுப் பாருங்க. இல்லைன்னா முந்தின ராத்திரி வாடகையையும் சேர்த்துக் கட்டி, காலையில நேரா ரூமுக்குப் போயிடுங்க. செலவுதான், ஆனா அங்கே போய் வாங்கற சாக்லேட்டுல பாதியைக் குறைச்சா சமாளிக்கலாம். ரெண்டும் முடியாதா? ஒரு மாத்துப் புடவையும் துண்டும் கைப்பையில வெச்சுக்கங்க. சாங்கி விமான நிலையத்துலேயே காசு கொடுத்துக் குளிக்கிற வசதி இருக்கு. எனக்கு ஊருக்குத் திரும்பின அப்புறம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா அம்மா காலையிலேயே கோயிலுக்குள்ள போயிருப்பாங்க, நானும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அம்மா அதைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் "எம்புள்ளை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனான்"னுதான் சொல்லிக்கிட்டிருக்காங்க. கேக்கறப்பெல்லாம் எனக்குத்தான் சுருக்குங்குது.

பி.கு: அடுத்து இலங்கை போகலாம்னு பையன் ஆரம்பிச்சிருக்கான். "முதல் நாள் என்னடா ப்ளான்?"னு கேட்டேன். "அப்பாயி தூங்கட்டும்பா"ன்னான். தேறிட்டான் :-)